கலியாணப் படத்துக்கு மாலை

கனகராயன்குளம்
24.1.1957

இஞ்சேருங்கோ,

நேற்று வவுனியாவிலை உங்களுக்கு விழா எடுத்தவை. மலாயாவுக்கு வேலைக்குப் போன நீங்கள், அங்கை இந்தியாவின்ரை சுதந்திரத்துக்குச் சண்டை பிடிச்சு வீரமரணம் அடைஞ்சிட்டியளாம். ஆர் கண்டது எண்டு கேட்டன். ஆளையாள் கை காட்டினவை.

உங்கடை படம் கேட்டவை. வீட்டிலை இருக்கிறது எங்கடை கலியாணப் படம் மட்டும்தானே, அதைக் குடுத்தன். மேடையிலை வைச்சு மாலை போட்டு, ஊதுபத்தியும் கொளுத்தினவை. நான் பொட்டோடை முன் கதிரையிலை இருக்கிறன். சனம் வரிசையாய் வந்து எங்கள் ரெண்டு பேருக்கும் பூப் போடுது. அழுகிறதோ சிரிக்கிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை.

படத்தை வீட்டை கொண்டந்திட்டன். மாலை இன்னும் அதிலைதான் கிடக்குது. கழட்டினால் உங்களுக்குத் தந்த மரியாதை போயிடும், விட்டால் நானும் செத்தவள்தான்.

நீங்களே வந்து கழட்டிவிடுங்கோ.

உங்கடை மனிசி