வேம்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

ஈப்போ, 1943, புதன்கிழமை இரவு

வேம்பு என்ற பெயரின் மூலவடிவம் என்ன என்று நானும் அவரும் கல்யாணமான புதிதிலிருந்து வாதாடி வருகிறோம். இந்த நாட்குறிப்பைத் தவிர வேறு காகிதம் கிடைக்காததால் இப்போது சமையலறைக் கதவில் எழுதுகிறோம். யாரும் காதால் கேட்டிராத மூலச்சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுவது மொழி ஆராய்பவர்கள் வழக்கம். சொல்லை அவர் எழுதுவார். நான் ஒப்புக்கொண்டால் நட்சத்திரத்தை நான் போடுவேன்.

தைப்பிங்கில் பள்ளிக்கூடத்தை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டதால் ராஜம் டீச்சர் எங்களோடு தங்கியிருக்கிறாள். இன்று மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க தெலுங்குல வேபான்னும் சொல்வோம், வேமுன்னும் சொல்வோம், அண்ணே."

அவர் துள்ளி எழுந்தார். "அப்போ 'வே'தான் வேர்ச்சொல்! மிச்சம் பின்னால ஒட்டினது லா!"

"இதைத்தானே நான் ரொம்ப நாளா சொல்றேன்?" என்றேன்.

"நீயா? எப்போ?"

"அக்கா சொல்லியிருப்பாங்க, அண்ணே. நீங்க மறந்திருப்பீங்க," என்றாள். அவள் எனக்காகப் பரிந்து பேசியதுதான் பொறுக்கவில்லை.

அவர் கதவில் எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியை அவளிடம் நீட்டினார். "நட்சத்திரத்தை நீயே போடு, ராஜம்." காலையில்கூட டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

எல்லோரும் படுக்கப் போனதும் அழிக்கலாம் என்று கதவருகே நின்றேன். சொல் சரியாக இருந்தது. நான் சொன்ன சொல்தான். மனம் வரவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே சுண்ணக்கட்டியை எடுத்து வந்துவிட்டேன். தலையணைக்கடியில் இருக்கிறது. நாளைக்கு அவர் என்னிடம்தான் கேட்க வேண்டும்.