மிளகின் மாத்திரை டப்பா

1957 அக்டோபர் 14, திங்கள்

விடியலிலிருந்து தூறல். போடிமெட்டு ரோட்டில் மண் சரிவாம், மேலேயிருந்து ஏலக்காய் லோடு வரவில்லை. மூட்டை அடுக்கும் எங்கள் கிட்டங்கியில் யாருக்கும் சோலி இல்லை. துணி ஒன்றும் காயவில்லை.

மிளகுக்கு ஊசி போட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகப்போகிறது. ஒரே வீட்டில் ஒரே வியாதி, புருஷனுக்கும் பூனைக்கும். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். இவருக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை. நான்தான் ஊசி போடுகிறேன். மிளகு எங்கள் கிட்டங்கிக் கடுவன், கன்னங்கறுப்பு. எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் மூட்டைகளோடு மூட்டையாக வந்து சேர்ந்தவன். போன மாசத்திலிருந்து குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்தான். எவ்வளவு தின்றாலும் இளைத்தான். அவன் நனைத்த மண்ணில் எறும்பு. பார்த்ததும் மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். அப்பாவுக்கும் எறும்பு வந்துதான் தெரிந்தது. அப்புறம் கால் விரல் போனது, அப்புறம் கால், அப்புறம் அப்பாவே.

மாட்டு டாக்டர் (இனி மா.டா., எழுதக் கை வலிக்கிறது) தலையைச் சொறிந்தார். "மாடு, குதிரை, வெள்ளாடு எல்லாம் பாத்திருக்கேம்மா. பூனைக்குச் சக்கரைன்னு புத்தகத்துல படிச்சதோட சரி." ஆனாலும் மனுஷன் பொறுமையாகச் சோதித்தார். இவர் மூத்திரத்தைச் சோதிக்க வைத்திருக்கும் எங்கள் வீட்டு நீல மருந்தில்தான் அதன் மூத்திரத்தையும் காய்ச்சினார். செங்கல் நிறம், அவ்வளவு சர்க்கரை.

அவர் சொன்னது:
இவருடைய இன்சுலினிலேயே ஒரு பொட்டு.
ஆட்டு ஈரல், கோழி. பால், சோறு கூடாது.
சத்துக்கு ஈஸ்ட் மாத்திரை பாதி, பொடித்து.

மூட்டை தூக்கும் பாண்டிக்கு இது பெரிய வேடிக்கை. "யக்கா, எங்க தெருவுல மனுசனுக்கே ஊசி போட ஆளக் காணோம். ஒங்க பூனை குடுத்து வச்சது." போடா போக்கத்தவனே என்றேன்.

அக்டோபர் 16, புதன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இன்சுலின் பாட்டில் சூடேறாமல் வைக்கும் மண்கலயத்துக்குப் புது மணல் மாற்றினேன்.

இவர் இன்று சொன்னார்: "மிளகுக்கு மாத்திரை இனிமே நான் குடுக்கேன். ஒனக்கு எம்புட்டு வேலதான்." இவரா! தன் ஊசியைக் கண்டாலே கக்கூசுக்குள் போய் ஒளிகிற ஆள்! ஈஸ்ட் மாத்திரையைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கிட்டங்கி முன்பக்கம் இவர் உட்காரும் கடை அலமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டார். வேளை தவறாமல் எடுக்கிறார். பூனை வந்தாவது மனுஷனுக்குப் பொறுப்பு வந்ததே என்று கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஆனால் இவர் சோதனை மறுபடியும் செங்கல். எப்படி? வீட்டில் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவுமே இல்லை, மூன்று வருஷமாக நானும் வெறும் காபிதான். "காப்பிக் கடையில எதுவும் குடிச்சீகளா?" "மாதா மேல சத்தியமா காப்பிக் கடைப் பக்கமே போகல." பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. எனக்கு மண்டை காய்ந்தது.

இவருக்கு எப்போதாவது கை நடுங்கி வேர்த்துவிட்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காக ஒரு பொட்டலம் வாங்கி வைத்தேன், இரண்டே நாளில் நக்கித் தீர்த்துவிட்டார். இப்போது வேறு பொட்டலம் வாங்கி எதிர்வீட்டு அன்னத்தாயிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தெரு முழுக்கக் கிட்டங்கி, குடியிருப்பது அவர்களும் நாங்களும்தான்.

அவள்தான் சொன்னாள், மிளகின் ரோமம் மங்கிக் கிடக்கிறது, மீன் எண்ணெய் கொடு, சத்து ஏறும் என்று. பிள்ளைகளுக்குக் கொடுக்கிறதுதானே என்று ஒரு கரண்டி ஈரலில் விட்டேன். நக்கி நக்கித் தின்றது.

அக்டோபர் 17, வியாழன்

ஐயோ, அந்த எண்ணெய்! காலையிலிருந்து தண்ணியாகப் போகிறது. இரண்டு சாக்கு பாழ், ஏலக்காய் வாசத்தையும் மீறி நாற்றம். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூனைக்கு வைத்தியம் பாக்கியா, வியாவாரத்துக்கு வேட்டு வைக்கியா?" கழுவிக் கழுவிக் கை வெந்துபோனது. மிளகு என்னைப் பார்த்ததும் மூட்டைக்குப் பின்னால் போகிறான்.

நிறுத்தியது: மீன் எண்ணெய்.
கொடுத்தது: வெந்த கோழி, கொஞ்சம் கஞ்சித் தண்ணீர்.
ஈஸ்ட்: இவர் பார்த்துக்கொள்கிறார்.

மாத்திரை டப்பாவைச் சுற்றி எறும்பு வரிசை. ஈஸ்டுக்கு எறும்பு வருமா? மஞ்சள்பொடி தூவப் போனேன். இவர் ஓடி வந்து, "ஏ புள்ள, டப்பாவத் தொறக்காத, மாத்திரை நமுத்துப்போகும்." சரி என்று தட்டில் மட்டும் தூவினேன்.

அக்டோபர் 19, சனி

மா.டா. வந்தார், கூடவே திட்டும் வந்தது. "எண்ணெய யாரும்மா குடுக்கச் சொன்னா? சத்துன்னா எல்லாத்தையும் ஊத்துறதா?" அன்னத்தாய் பெயரைச் சொல்லவில்லை. வயிறு சரியாகிற வரை மாத்திரையும் வேண்டாம் என்றார். அதைக் கேட்டு இவர் முகம் ஏனோ விழுந்தது. அப்புறம், "டப்பா இருந்த எடத்துலயே இருக்கட்டும்" என்றார்.

மா.டா. போகும்போது வாசலில் நின்று திரும்பவும் சொன்னது: "நல்லாத் தின்னா மட்டும் ஊசி. திங்காம ஊசி போட்டா ஆபத்து, தெரிஞ்சுக்கங்க." தெரியும் என்றேன். எனக்குத் தெரியாததா.

அக்டோபர் 21, திங்கள்

நாளை தீபாவளி. நமக்கில்லை, ஆனால் ஊருக்கு உண்டே. மத்தியானத்துக்குள் வியாபாரிகள் வீட்டிலிருந்து நாலைந்து தட்டு வந்துவிட்டது. லட்டு, அதிரசம், முறுக்கு. முறுக்கை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பாண்டி தலையில் ஏற்றி அவன் வீட்டுக்கு அனுப்பினேன். அவன் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இவர் அதிரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு விள்ளல் மட்டும்?"

"எங்கப்பா கால நெனச்சுக்கங்க" என்றேன். எழுந்து கடைக்குள் போய்விட்டார்.

அன்னத்தாய் குடும்பத்தோடு பெரியகுளம் போகிறாள், அம்மா வீட்டுத் தீபாவளி. பஸ்சுக்கு நேரமாச்சென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மிளகுக்குப் பேதி கட்டியிருக்கிறது. சாப்பாட்டில் மட்டும் மனமில்லை.

அக்டோபர் 22, செவ்வாய். சாயங்காலம்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மிளகு கோழியை முகர்ந்துவிட்டு இரண்டு வாய் தின்றது. இவர் சொன்னார்: "இன்னிக்கு ஊசி வேணாம் புள்ள. அது சரியாத் திங்கல." நான் கேட்டேனா? தின்றது தின்றதுதானே, வேளை தவறக் கூடாது, இவருக்கு ஒருநாள் தவறவிட்டிருக்கிறேனா என்றெல்லாம் நியாயம் பேசிக்கொண்டு போட்டுவிட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு வாயையும் கக்கியது. அப்போதே பகீரென்றது. ஒன்றும் ஆகாது என்று நானே சொல்லிக்கொண்டு துணி அலசப் போனேன்.

வெயில் ஏறி வந்து பார்க்கிறேன், குடிகாரன் மாதிரி நடக்கிறது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. அப்படியே சாய்ந்தது. வாயோரம் நுரை, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. சர்க்கரை வேண்டும். உடனே.

வீட்டில் ஒரு மணி சர்க்கரை இல்லை! எதிர்வீட்டுக்கு ஓடினேன், நெஞ்சில் அடித்தது போலப் பூட்டு. மறந்தே போனேன். தெருவில் ஒரு கடை திறந்திருக்க வேண்டுமே. ஒரு கிட்டங்கியில் ஆள் இருக்க வேண்டுமே. ஊர் முழுக்க இனிப்பு, எங்கள் தெருவில் மட்டும் ஒரு குருவிகூட இல்லை. வீட்டுக்கு வந்த லட்டையும் நானே அனுப்பிவிட்டேன். மா.டா. ராசிங்காபுரத்தில், யாரோ வீட்டு மாடு ஈனுவதற்கு. நடுத்தெருவில் நின்று, "யாராச்சும் சக்கர குடுங்களேன்!" என்று கத்தினேன். தூரத்தில் வேட்டுச் சத்தம்தான் கேட்டது. பாண்டி வீட்டுக்கே ஓடிவிடலாம் என்று செருப்பு எடுக்க உள்ளே வந்தேன்.

இவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மிளகு, பக்கத்தில் பிஸ்கட் டப்பா, மூடி திறந்து. மேலே காகிதத்தில் ஈஸ்ட் மாத்திரை. அதற்கு அடியில் டப்பா நிறையக் கற்கண்டு.

என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒளிக்கவில்லை. "அப்பறமா வஞ்சுக்க. வெரசா வெந்நி கொண்டா."

கொண்டு வந்தேன். தராசுப் படிக்கல்லால் கற்கண்டை நொறுக்கிக் கரைத்தார். வாயில் ஊற்றினால் புரையேறும் என்று விரலில் தோய்த்து ஈறில் தடவினார். நானும் தடவினேன். பல்லில் பட்டு விரல் கிழிந்தது, தெரியவேயில்லை. மாதாவே, மாதாவே என்று அது ஒன்றுதான் வாயில் வந்தது. எவ்வளவு நேரமோ. இழுப்பு நின்றது. செத்துவிட்டதென்றே நினைத்து நான் ஓவென்று அழுதேன். அப்போது நாக்கை நீட்டி இவர் விரலை ஒருமுறை நக்கியது.

அப்புறம் கஞ்சித் தண்ணீர், அப்புறம் கோழி. இப்போது அரிசி மூட்டைமேல் படுத்து என்னை முறைக்கிறது. முறைக்கட்டும்.

அக்டோபர் 23, புதன்

வானம் வெளுத்திருக்கிறது. ரோடு சரியாகிவிட்டதாம், நாளை லோடு வரும்.

மா.டா. சொன்னார், இன்று ஊசி கூடாது, நாளையிலிருந்து அளவைப் பாதியாக்கு, தின்று முடித்து ஒரு நாழி கழிந்தபின் போடு. அவர் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். திட்டவில்லை.

அவர் போனதும் இவரிடம் பிடித்துக்கொண்டேன். விடுவேனா? எறும்பு, செங்கல் நிறம், மாத்திரைப் பாசம் எல்லாவற்றையும் கொட்டினேன். "பூனை சாக்குல கற்கண்டு தின்னீகளே, நீங்க மனுசனா? நான் தாலியறுக்கணுமா?" எல்லாம் கேட்டேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். தப்புத்தான் என்றார். மிளகின் முதுகைத் தடவிக்கொண்டே, சத்தம் உயர்த்தாமல் இன்னொன்றும் சொன்னார்.

"நீ ஊசி வேளையத்தான் பாக்க, ரோசு. ஊசி போட்டுக்கிறவன் மூஞ்சியப் பாக்கிறதே இல்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருஷமாக இவர் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நான் ஊசி போடுகிற கை. அதில் அப்பாவின் கால்தான் தெரிந்தது.

டப்பாவைத் துடைத்தேன். கற்கண்டில் ஒரு பிடி மட்டும் அவசரத்துக்கு வைத்து, மற்றதைச் சாக்கடையில் கொட்டினேன். டப்பா அதே அலமாரியில்தான் இருக்கிறது. பூட்டவில்லை. இவரிடம் அதைச் சொல்லியும் விட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

வெயில். பாண்டி வந்து மிளகை எட்டிப் பார்த்தான். "பொழச்சிட்டியாடா மாப்ளே" என்றான்.

ஊசி இரண்டையும் வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குள் போனேன். இவர் பழக்கத்தில் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நரைத்துவிட்டது மனுஷனுக்கு, எப்போது நரைத்தது?

"சாப்டாச்சா?" என்றேன்.

"யாரக் கேக்க? என்னயா, அதயா?"

"ரெண்டு பேரையுந்தான்."