நாற்பதும் அறுபதும்

4 அக்டோபர் 1999, திங்கள்

உதய் வெள்ளிக்கிழமை தீசிஸை பைண்டிங்குக்குக் கொடுக்கிறான். அவனுடைய மாதிரிகளை அலமாரியில் ஒழுங்காக அடுக்கச் சொன்னார் அவனுடைய கைடு சௌந்தரராஜன் சார். ஆறு பிளாஸ்டிக் பெட்டிகள். ஆறிலும் இருப்பது நான் கண்ணாடித் துண்டுகளில் படியவைத்த மெல்லிய படலங்கள். வெறும் காட்மியம் சல்பைடு மஞ்சள். செலினியம் கூடக் கூட ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் கருஞ்சிவப்பு.

ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தபோதுதான் பார்த்தேன். செலினியம் நாற்பது சதவீதம் என்று எழுதிய பெட்டி, அறுபதைவிடச் சிவப்பாக இருக்கிறது.

என் கையெழுத்து. ஜூன் மாதம் காய்ச்சலோடு வேலைக்குப் போன இரண்டு நாள். நோட்டில் சரியாக எழுதிவிட்டு, பெட்டியில் பேரை மாற்றி ஒட்டியிருக்கிறேன். எட்டு வருஷ லேப் வேலையில் இப்படி நடந்ததில்லை.

அப்படியென்றால் அவன் அளந்ததெல்லாம் தப்புத்தானே? நான்தான் கெடுத்தேனா?

5 அக்டோபர்

சொல்லவில்லை. இரண்டு தடவை அவன் மேஜை வரை போய்த் திரும்பினேன்.

சாயங்காலம் குழாயடியில் அவன் அம்மா கோவிந்தம்மா: "குணா, இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் எம்புள்ளைய டாக்டருன்னுதான் கூப்புடணும், இன்னா?" கோரமண்டல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஜனவரியில் ஜெர்மனி போகிறான், வேலையும் உறுதி.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கேட்டார், "இன்னா, மொகம் ஒரு மாதிரி கீது?" ஒன்றுமில்லை என்றேன்.

6 அக்டோபர்

பைண்டிங்குக்குப் போக வேண்டிய பிரதி மேஜைமேல் இருந்தது. நான் பி.எஸ்சி.தான். ஆனால் எட்டு வருஷமாக இந்த வரைபடங்களைப் பார்க்கிறவள். படலம் எந்த நிறத்திலிருந்து ஒளியை விழுங்கத் தொடங்குகிறது என்கிற படம். ஆறு புள்ளி, ஒரே நேர்கோடு. எக்ஸ்ரே பக்கத்தைப் புரட்டினேன். அதிலும் நேர்கோடு.

பெட்டி மாறியிருக்கிறது. நாற்பதும் அறுபதும் இடம் மாறிக் கோட்டைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். எப்படி நேராக வந்தது?

அலமாரிக்கு ஓடினேன். முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் டேப் கிழிந்திருக்கிறது. நடுவில் நான்கிலும் நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே.

திறக்கவே இல்லை அவன்.

7 அக்டோபர்

இருவரும் வீடு திரும்பும் சாயங்கால ரயில். பங்காரப்பேட்டை தாண்டிப் பெட்டி காலியானதும் கேட்டேன். "உதய், நாற்பதும் அறுபதும் நான் பேர் மாத்தி ஒட்டிட்டேன். நீ கவனிக்கலையா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எந்தப் பொட்டிக்கா?"

பிறகு அவனே சொன்னான். "மொதப் பொட்டியும் கடசிப் பொட்டியும் நெஜமா அளந்தேங்க்கா. அப்புறம் மிஷின் ரிப்பேரு, ரெண்டு மாசம். நடுவுல நேர்கோடுதான வரும், புக்குல கீதே. போட்டுட்டேன்."

"சார்கிட்ட சொல்லு."

"யாருக்குக்கா தெரியப் போவுது? நீங்க சும்மா இருந்தா போதும்."

"நான் என் தப்பைச் சொல்லணுமேடா."

அவன் எழுந்து கதவருகே போய் நின்றான். கோரமண்டல் ஸ்டேஷனில் எனக்கு முன்னால் இறங்கி வேகமாகப் போய்விட்டான்.

என் தப்பைச் சொன்னால் அவன் தப்பு தானாக வெளியே வந்துவிடும். ஒன்றைவிட்டு ஒன்றைச் சொல்ல வழியே இல்லையா? இருட்டும்வரை ரெண்டு தெரு சும்மா நடந்தேன். அவனை மூன்று வயதில் இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறேன்.

8 அக்டோபர், வெள்ளி

பத்து மணிவரை பார்த்தேன். அவன் சாரிடம் போகவில்லை. பதினொன்று. பைண்டிங் ஆள் வந்து பிரதியைக் கேட்டான்.

தாளில் இரண்டு வரி எழுதினேன். ஜூனில் செய்த படலங்களில் நாற்பது, அறுபது பெட்டிகளின் பெயரை நான் மாற்றி ஒட்டிவிட்டேன், நோட்டில் சரியாக இருக்கிறது. கையெழுத்து. உதயைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

சார் படித்தார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். நாற்பது, அறுபது புள்ளிகள்மேல் விரலை வைத்தார். "நீங்க போங்கம்மா. உதயை வரச் சொல்லுங்க."

நான்தான் போய்க் கூப்பிட்டேன்.

12 அக்டோபர்

தீசிஸ் நின்றுவிட்டது. ஆறையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். ஜெர்மனி இல்லை.

கோவிந்தம்மா வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினாள். "பொறாமை புடிச்சவ! இன்னாடி பண்ணுச்சு உன்ன எம்புள்ள?" நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இவர் மட்டும் வெளியே போய், "போங்கம்மா, போங்க" என்றார். உள்ளே வந்து, "நீ செஞ்சது சரிதானா?" என்று என்னையே கேட்டார். தெரியலியே. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?

3 ஜனவரி 2000

என்னை முதல் வருஷ மாணவர் லேபுக்கு மாற்றிவிட்டார்கள். லென்ஸ் துடைக்கிறேன்.

19 பிப்ரவரி

இன்றும் ரயிலில் அவன் அடுத்த பெட்டியில் ஏறினான்.

23 மார்ச் 2000, வியாழன்

காலை ரயிலில் எதிர் சீட்டில் யாரோ உட்கார்ந்தார்கள். நிமிர்ந்தால் உதய். இளைத்திருக்கிறான். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"நேர்கோடு வரலக்கா," என்றான் திடீரென்று. "நடுவுல கீழ தொங்குது. வில்லு மாதிரி. புக்குல போட்ட மாதிரி இல்லவே இல்ல."

"எத்தனை தடவை அளந்தே?"

"ஏழு. ஏழு தடவையும் அங்கதான் தொங்குது." பையிலிருந்து தாளை எடுத்து என் மடியில் விரித்தான். பென்சிலால் போட்ட புள்ளிகள். அழித்து எழுதிய இடமே இல்லை. கண்டோன்மென்ட் வரும்வரை ஒவ்வொரு புள்ளியாக விளக்கிக்கொண்டே வந்தான். கோவிந்தம்மா பேச்சை இருவருமே எடுக்கவில்லை.