வல்லூறுக்குச் சாட்சி

அன்புள்ள அத்தான்,

உங்களுக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதி, எங்கள் சங்கத்துப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். என்னைப் போல வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவர்களும் வாசிக்கட்டும்.

நீங்களும் நானும் வேலை செய்த மலை விடுதியில் மறுபடியும் பொறிக்கூடு வைத்துவிட்டார்கள். போன கிழமை உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டப் பின்பக்கம் போனபோது கண்டேன். கீழ்த்தட்டில் அதே மாதிரி, ஆசைகாட்டி இழுக்க ஒரு வெள்ளைப் புறா. மேல்தட்டில் ஒரு வல்லூறு, ஒரு சிறகு மடங்கிப்போய்.

நீங்கள் திறந்துவிட்ட வல்லூறு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் புறங்கையைக் கிழித்துவிட்டுத்தான் பறந்தது. சமையலறைக்கு வந்து கையை நீட்டினீர்கள். "நன்றி கெட்ட சாமான், மச்சாள். ஆனா நல்ல பலம்" என்று சிரித்தீர்கள். நான்தான் துணி சுற்றிவிட்டேன்.

விடுதிக் கூட்டில் வளர்த்த ஃபசான் என்ற காட்டுக்கோழிகளுக்கு நீங்கள் தீன் போடுவீர்கள். இலையுதிர் காலத்தில் அவற்றை மலையில் விட்டு, விருந்தாளிகளைக் கூப்பிட்டுச் சுடுவார்கள். அதில் ஒன்றை வல்லூறு தூக்கினால் மட்டும் முதலாளிக்குப் பொறுக்காது. வல்லூறைப் பிடிக்கச் சட்டம் விடாது என்பது அவருக்குத் தெரியும். அது பசிக்குத் தின்றது. இவர்கள் சுட்டதில் பாதியை நான் குப்பையில் போட்டேன்.

நீங்கள் இயற்கைப் பாதுகாப்புக் காரியாலயத்துக்கு எழுதிப் போட்டீர்கள். அதிகாரி வருவதற்குள் கூடு மறைந்துவிட்டது. அதைக் கண்ட மற்ற ஆள் நான் ஒருத்திதான். என் அகதி அன்ட்ராக்குக்கு, அந்த விண்ணப்பத்துக்கு, முடிவு வராமல் இருந்த நேரம். முதலாளி அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அதிகாரியிடம் நான் ஒன்றும் காணவில்லை என்றேன். அப்போதும் உங்கள் கையில் நான் சுற்றிய துணி இருந்தது.

உங்களுக்கு வேலை போனது. அக்கா என்னோடு கதைக்கவில்லை. நீங்கள்தான், "விடுமப்பா, பிள்ளை பயந்திட்டாள்" என்றீர்கள். அந்த மாரியிலேயே நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நாள் தந்திருக்கக் கூடாதா? அதில் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

இந்த முறை நான் கூட்டைத் திறக்கவில்லை. பஸ் தரிப்பிடத்து டெலிபோனில் காரியாலயத்துக்கு அடித்துவிட்டு, அதிகாரி வரும்வரை கூட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். வல்லூறு இப்போது மிருக வைத்தியரிடம் இருக்கிறது. திரும்பப் பறக்குமா, தெரியாது.

கூடு தன்னுடையதில்லை என்கிறார் முதலாளி. என் அன்ட்ராக் இன்னும் முடியவில்லை என்பதையும் நினைவூட்டினார். தெரியும் என்றேன்.

அன்று என்னோடு கதைக்காமல் இருந்த அதே அக்காவுக்கு இப்போது பயம். "வேலை போனா விசாவுக்கு என்ன செய்வாய்? எங்களுக்கேன் அவையின்ர கோழிச் சண்டை?"

"இது அத்தான்ர சண்டை, அக்கா. என்னால இனிப் பொய் சொல்ல ஏலாது."

அக்கா எழும்பி உள்ளே போனாள். பிறகு பார்த்தால், என் சட்டையை அயர்ன் பண்ணிக் கொழுவியிருந்தாள்.

நாளை காலை பத்து மணிக்கு வந்து சாட்சி சொல்லும்படி டெர்மின் தந்திருக்கிறார்கள். கூடு யாருடையது, புறாவுக்கு யார் தண்ணீர் வைத்தது, எல்லாம் சொல்வேன். அதற்கு முதல், அன்று நான் பொய் சொன்னேன், என் அத்தான் சொன்னதுதான் உண்மை என்று சொல்வேன். உங்கள் முழுப் பெயரையும் எழுத வைக்காமல் அந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன்.

ஒன்றும் காணவில்லை என்று சொன்ன,
எல்லாவற்றையும் கண்ட,
உங்கள் மச்சாள்
றஞ்சினி