வளைந்த சாளைகள்

11.03.2004, வியாழன்

நல்ல வெயில். தோட்ட லயத்துத் தகரக் கூரையில் சாளை மீன் காய்கிறது. காலையில் வரக்காப்பொல சந்தையில் வாங்கியது. காயப் போடுமுன் அடிமட்டக் கோலாலும் பூக்கட்டும் நூலாலும் அளந்தாயிற்று.

எல்லாம் என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சாரால். நான் பார்ப்பது கல்லில் பதிந்து கிடக்கும், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்திய மீன் கூட்டங்கள் இரண்டு. ஒன்றின் வாரிசுகள்தான் இன்று கடல் நிறைய. மற்றதில் மிச்சம் ஏழெட்டு வகை. அது மந்தம், உடம்பு மாறவேயில்லை என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கணக்கில் அந்தக் காலத்தில் இரண்டும் மாறியது ஒரே வேகத்தில். சார் யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் ஒப்பமாட்டார். நேற்று போனில்: "பிள்ளை, செத்த மீன் காயேக்க வளையும். கல்லில கிடந்ததும் அப்பிடித்தான். நீர் அளந்தது மாற்றமோ, வளைவோ?"

திங்களுக்குள் பதில் இல்லையென்றால் இந்த வருட ஆராய்ச்சி மாநாட்டில் என் கட்டுரை இல்லை. கேள்வி நியாயம்தான். எரிச்சல் வேறு விஷயம். கொஞ்சப் பேர் மிஞ்சினால் சோம்பேறி என்பதா?

12.03, வெள்ளி

விடிந்ததும் அம்மா சத்தம். வெள்ளிக்கிழமை கூரையில் கருவாடா? தட்டோடு பக்கத்து வீட்டுக் குசுமா அக்காவிடம் கொடுத்தேன். பின்னேரம் இடி, மழை. கையில் மீன் வாடை போகவில்லை, சவர்க்காரம் வாங்க வேண்டும்.

13.03, சனி

குசுமா அக்கா, சிங்களத்தில் தங்கையை அழைப்பதுபோல்: "நங்கி, கருவாடு நல்லா இருந்திச்சு. பொரிச்சேன்."

கொடுத்தால் தின்னத்தானே என்று நினைத்திருக்கிறார். மிச்சம் இரண்டு, நன்றாக வளைந்தவை. அடிமட்டக் கோலை வைத்தால் குட்டை, குண்டு மீன். முதுகெலும்போடு நூல் வைத்தால் வியாழக்கிழமை இருந்த அதே வடிவம். துள்ளினேன். இரண்டு போதாது. ஆனால் வழி தெரிந்துவிட்டது.

14.03, ஞாயிறு

புதைபடிவ மீன்களின் போட்டோகொப்பி எல்லாம் நூலால் மறுபடி. கண் எரிச்சல். முதுகெலும்பு தெரியாத படங்களைத் தூக்கிப் போட்டேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, இரண்டு கூட்டத்துக்கும்தான். இன்னும் சமம். அப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியும்.

15.03, திங்கள்

டவுனுக்குப் போய் சாருக்குப் போன். நூல் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பிறகு, "சரி. மாநாட்டில நீரே பேசும். அந்த ரெண்டு சாளையையும் கொண்டு வாரும், கேக்கிறவைக்குக் காட்டுவம்."

பஸ்ஸில் தனியே சிரிப்பு. வீட்டு வாசலிலேயே புளி வாசனை.

"ரெண்டே ரெண்டு கெடந்துச்சு, கொழம்புல போட்டுட்டேன்," என்றார் அம்மா. "இன்னைக்கு வெள்ளி இல்லையே."

நல்ல பசி. சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.