கடைசி விசிலுக்கு முன்னால்

மார்ச் 8, சனி

காலையில் மூன்று டிரைவிங் வகுப்பு. முதல் ஆள் ஓய்வு பெற்றவர். கியர் மாற்றும்போதெல்லாம் குனிந்து கியரைப் பார்க்கிறார். அது எங்கேயும் ஓடிப் போகாது, ரோட்டைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கிறது. கடைசி வகுப்பு பல் டாக்டருக்கு. நல்ல பெண், சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள். ஒரே குறை, பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். நீலக் கட்சி. நாளை எங்களுக்கும் அவர்களுக்கும் ஃபுட்பால் மேட்ச் என்பதால் கைப்பையில் நீல ரிப்பன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் ரிவர்ஸ் எடுக்கும்போது என் பக்கத்து பிரேக்கைத் தேவையில்லாமல் இரண்டு தடவை மிதித்தேன். வண்டி குலுங்கியது. சாரி என்றேன். ஒரு சாரியும் இல்லை எனக்கு.

டிரம் வழக்கம்போல் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். இவர், என் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட துணியை அதன் மேல்தான் அடுக்குகிறார். இறக்கி வைத்தேன். எத்தனை தடவை சொல்வது, அது மேஜை இல்லை என்று.

அண்ணனுக்குத் தோளில் ஆபரேஷன் ஆனபோது இந்த டிரம் என் கைக்கு வந்தது. அதற்கு முன் மேட்ச்சுகளில் எங்கள் கேலரியில் அடித்தது அவன்தான். அதற்காக எத்தனை ஆம்பிளைகள் க்யூவில் நின்றார்கள்! அவன் யாரையும் பார்க்காமல் என்னிடம் கொடுத்தான். "பாப்பாதான் தாளம் தப்ப மாட்டா" என்றான். நாற்பத்தாறு வயதிலும் நான் பாப்பா.

மார்ச் 9, ஞாயிறு

2–1. அவர்களுக்கு.

இன்று எழுதப் போவதில்லை.

மார்ச் 10, திங்கள்

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

எங்கள் கேலரியில் 'வீட்டுக்குப் போற பாட்டு' என்று ஒன்று உண்டு. ஜெயித்தால் மட்டும்தான் பாடுவோம், அதுவும் ரெஃபரி கடைசி விசில் ஊதிய பிறகுதான். நான் மூன்று அடி அடிப்பேன், அப்புறம்தான் முதல் வரி. அதற்கு முன்னால் எவனாவது வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவரே தலையில் தட்டுவார். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எங்கள் கேலரியில் அதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

நேற்று ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னால் இருந்தோம். தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நம் பையன்களுக்குக் கால் நிற்கவில்லை. பந்து வந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார்கள். நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுகிற டிஃபெண்டர், அவ்வளவு உயரமானவன், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இவர்களுக்கு இப்போது ஒரு சத்தம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மூன்று அடி அடித்தேன். விசில் ஊதவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன். கேலரி ஒரு நொடி திகைத்தது. அப்புறம் மொத்தமாக எழுந்து பாடியது. பாடினார்கள்! அதை இப்போது எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது வரியில் அவர்களுக்கு முதல் கோல். பாட்டு முடிவதற்குள் இன்னொன்று. ஒட்டகம் வழுக்கி விழுந்து கிடந்தான், பந்து அவனைத் தாண்டிப் போனது. விசில் ஊதியதும் அந்தப் பக்கத்து நீலக் கூட்டம் எழுந்து நின்று எங்கள் பாட்டை எங்களுக்கே பாடிக் காட்டியது.

இன்று எங்கள் டீமின் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஜெயித்த மறுநாள் எவன் வேண்டுமானாலும் போடுவான். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூல் போர்டே ஆரஞ்சுதான், என்ன சொல்வார்.

மாலையில் பல் டாக்டர். சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்: "வண்டி முழுசா நிக்கறதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கழட்டக் கூடாதுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?"

மேட்டில் நிறுத்தி ஹாஃப் கிளட்ச் எடுக்க வைத்தேன். திரும்பத் திரும்ப. வகுப்பு முடியும்வரை மேடுதான்.

மார்ச் 11, செவ்வாய்

கறிக்கடைக்காரர் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்கிறார்: "பொம்பளைக்கு எப்பவும் அவசரம்." அவர் எங்கள் கேலரி கமிட்டியில் ஒருவர். அன்று முன்வரிசையில் நின்று முதலில் பாட ஆரம்பித்ததே அவர் வாய்தான்.

பந்தை வலைக்குள் நான் போட்டேனா? வழுக்கி விழுந்தது நானா? கடைசி நேரத்தில் ஒரு மாற்று ஆட்டக்காரனை உள்ளே அனுப்பிய கோச்சை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி போட ஒரு ஆள் கிடைத்தால் போதும் இவர்களுக்கு.

கறி வாங்காமல் வந்துவிட்டேன். ராத்திரிக்கு முட்டை.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் வந்தான். வந்ததிலிருந்து லிஃப்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். லிஃப்ட் ரிப்பேர்தான் அவன் வேலை. ஏதோ ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நான்காவது மாடியில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறதாம். டீ ஆறிப் போனது. அவன் பேச வந்தது லிஃப்டைப் பற்றி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கொஞ்ச நாளைக்கு டிரம்மை வேற யார்கிட்டயாவது குடுத்துடு பாப்பா."

"இது நீ சொல்றியா, அவங்க சொல்லச் சொன்னாங்களா?"

தங்கச்சிக்குக் கொடுத்ததே தப்பு என்று அவனையும் பேசுகிறார்கள் போல. அவன் சொல்லவில்லை, முகம் சொன்னது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "வேணும்னா நீயே தூக்கிட்டுப் போ, தூக்க முடிஞ்சா" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மார்ச் 14, வெள்ளி

அவன் தோளைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எந்த வாய் இது. போனை எடுத்தேன், வைத்தேன்.

ஆனால் டிரம்மைக் கொடுக்க மாட்டேன்.

இவருக்குப் புரியவில்லை. மருந்துக்கடையில் இருக்கிறவருக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். "பாட்டுப் பாடினா பந்து உள்ள போகுமா?" என்று கேட்டார். போகாது என்றேன். "அப்பறம் என்ன பிரச்சனை?" அது உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கே புரிகிறதா? பாட்டுக்கும் கோலுக்கும் சம்பந்தமே இல்லை என்று எல்லோரிடமும் கத்துகிறேன். பாட்டு கேட்டால் நம் பையன்கள் கால் நிற்கும் என்று நம்பித்தானே அடித்தேன்? அப்படியென்றால் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா?

தலை வலிக்கிறது. இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

டிரம்மோடு போனேன். வழி விட்டார்கள், யாரும் தடுக்கவில்லை. அதைவிட மோசமாகச் செய்தார்கள். நான் அடித்தேன், ஒருத்தரும் பாடவில்லை.

எப்போதும் என் முதல் அடிக்கே தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம். இன்று கட்டின கையை அவிழ்க்கவில்லை. அண்ணன் இரண்டு வரிசை கீழே நின்றான். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடிப் போவேன் என்று எதிர்பார்த்தார்களா? முதல் பாதி முழுக்க அடித்தேன். இரண்டாம் பாதியும் அடித்தேன். மேட்ச் கோல் இல்லாமல் முடிந்தது. உள்ளங்கையில் கொப்புளம்.

வீட்டில் மருந்து போட்டுக் கட்டிவிட்டு இவர் சொன்னார், அடுத்த தடவை கையுறை போட்டுக்கொள் என்று. போகாதே என்று சொல்லவில்லை. இந்த மனுஷனுக்கு ஃபுட்பால் தெரியாவிட்டால் என்ன.

ஏப்ரல் 6, ஞாயிறு

3–0. ஜெயித்தோம். கடைசி விசில் ஊதிய பிறகு, ஊதிவிட்டது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, மூன்று அடி அடித்தேன்.

முதல் வரி வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். தோற்றபோதுகூட அழாதவள், காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

என்னை ஒதுக்கட்டும், பரவாயில்லை. பாட்டு என்ன செய்தது?

ஏப்ரல் 24, வியாழன்

பல் டாக்டர் லைசென்ஸ் டெஸ்டில் பாஸ். ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். போகும்போது தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். அவர்கள் ஆட்கள் இப்போது மேட்ச் மேட்ச்சாக எங்கள் பாட்டைத்தான் பாடுகிறார்களாம். யாரோடு ஆடினாலும் கடைசிப் பத்து நிமிடம் அதுதானாம். அவளுக்கே அது பிடிக்கவில்லை போல. "உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலக்கா" என்றாள்.

ஸ்வீட்டை இவருக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு இறங்கவில்லை.

மே 9, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் மேட்ச். இந்த சீசனுக்கு அதுதான் கடைசி. அண்ணன் போன் செய்தான். இத்தனை வாரத்துக்குப் பிறகு அவன் குரல். கமிட்டி முடிவு செய்துவிட்டதாம், மேட்ச் முடிந்ததும் டிரம் கறிக்கடைக்காரருக்கு. அங்கே டிரம்மே எடுத்து வராமல் இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் நம்மை இன்னும் கேவலப்படுத்துவார்கள் என்றான்.

"இதுக்கு மேல என்ன கேவலம் இருக்கு? நம்ம பாட்டை அவங்க பாடறாங்க, நாம வாயை மூடிட்டு நிக்கறோம்."

அவன் போனை வைத்துவிட்டான்.

மே 11, ஞாயிறு

3–0. அவர்களுக்கு. மண்ணைக் கவ்வினோம்.

உட்கார்ந்து ஒழுங்காக எழுத வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

எங்களை ஒரு மூலையில் கம்பித் தடுப்புக்குள் நிற்க வைத்தார்கள். எழுபதாவது நிமிடத்துக்குள் இரண்டு கோல். அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள், மூன்று பக்கமும் நீலம், அத்தனை வாயிலும் எங்கள் பாட்டு. எகத்தாளமாக, இழுத்து இழுத்து. எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கறிக்கடைக்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலக்காரர்கள் இரண்டாவது வரியையே தப்பாகப் பாடினார்கள். ஒரு பாட்டைத் திருடினால் ஒழுங்காகவாவது திருட வேண்டாமா?

மூன்று அடி அடித்தேன்.

சுற்றி நின்றவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை, முதல் வரியை நானே எடுத்தேன். என் குரல் வண்டிக்குள் "பிரேக், பிரேக்" என்று கத்தியே பழகிய குரல். பாட்டுக்கு ஆகாது. முதல் வரி முழுக்க நான் தனியாகத்தான் பாடினேன். மானம் போவது என்றால் என்ன என்று அந்த ஒரு வரியில் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் திரும்பினான். படியேறி வந்து என் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை, மைதானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது வரியை எடுத்தான். சரியான வரியை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சுருதி சேராது. ஆனால் சத்தம்! அதற்குப் பிறகு யார் முதலில், யார் அடுத்து என்று தெரியாது. எல்லோரும் பாடினோம். இரண்டு கோல் பின்னால் இருந்துகொண்டு, ஜெயித்தால் மட்டுமே பாட வேண்டிய பாட்டை, விசிலுக்கு இருபது நிமிடம் முன்னாலிருந்து. மூன்றாவது கோல் விழுந்தது, நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நீலக் கூட்டம் பாடுவதை விட்டுவிட்டது. நாங்கள் நிஜமாகவே பாடும்போது அவர்கள் எதைக் கேலி செய்வார்கள். ஊளையிட்டுப் பார்த்தார்கள். அதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.

விசில் ஊதியும் பாடினோம். ஒட்டகம் தடுப்புவரை வந்து நின்றான். முகமெல்லாம் மண். கை தட்டத்தான் வந்தான், தட்டாமல் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான். காவலர்கள் வந்து கிளம்புங்கள், கதவைச் சாத்த வேண்டும் என்று கெஞ்சுகிற அளவுக்குப் பாடினோம்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைப் பற்றி அன்று சொன்னது தப்பு என்றேன். "தூக்க முடியாதுங்கறது நெஜந்தானே" என்றான். அப்புறம், "உன்கூட நிக்காம இருந்தேன் பாரு, அதுதான் தப்பு" என்றான். பாடிப் பாடி இரண்டு பேருக்கும் குரலே இல்லை.

மே 12, திங்கள்

ஆரஞ்சுச் சட்டை. தொண்டை கட்டிப்போய் சைகையிலேயே வகுப்பு எடுத்தேன். சிக்னலில் நின்றபோது பக்கத்து லாரிக்காரர் என் சட்டையைப் பார்த்துவிட்டு ஹாரனை மூன்று தடவை அடித்தார்.

கறிக்கடைக்காரர் டிரம்முக்கு வரவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நாளை புது சீசன். முதல் மேட்ச்சே அவர்களோடு.

அண்ணன் சாயங்காலம் வந்தான். கமிட்டி கூடிப் பேசியதாம். பாட்டை எப்போது ஆரம்பிப்பது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம், உன்னையே கேட்டு வரச் சொன்னார்கள் என்றான். கேட்கச் சொன்னதே கறிக்கடைக்காரர்தானாம். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"எனக்கு எப்பத் தோணுதோ அப்ப."

"தோத்துட்டிருந்தா?"

"தோத்துட்டிருந்தா முதல்லயே ஆரம்பிச்சுடுவேன்."

சரி, அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றான். டீயை ஆறுவதற்கு முன்பே குடித்தான்.