பள்ளிவாசல் கஞ்சி என்று நீங்கள் சொன்னது

மைனி,

இன்று அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இறக்கினார்கள். வெந்தயமும் பூண்டும் வெந்த வாசம் ஜன்னல் வழியே வந்தது. நோன்பாளிக்குப் பசி வந்திருக்க வேண்டும். எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது. மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களைக் குறை பேசக் கூடாது. பேசவில்லை, எழுதுகிறேன்.

மதுரையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவிட்டு எங்கள் வீட்டில்தான் வந்து படுத்தீர்கள். குடித்ததெல்லாம் வாந்தி. வாளி கழுவியது நான். பார்க்க வந்த சனத்திடம் நீங்கள் சொன்னதோ, "மருந்து என்ன செய்யும்? தம்பி பொண்டாட்டி காய்ச்சுற கஞ்சிதான் கொமட்டுது." கம்பம் முழுக்க என் கைப்பக்குவம் சந்தி சிரித்தது. உங்கள் சின்னம்மா மகள் என் அடுப்படிக்கே வந்து பானையை மோந்து பார்த்தாள்.

மாத்திரைக்கும் வாந்தி அடங்காததால், மதுரை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, உத்தமபாளையத்திலிருந்து அக்குபங்சர் டாக்டரம்மாவை அழைத்துவந்தார் உங்கள் தம்பி.

"நான் என்ன ஏலக்கா மூட்டையா, ஊசி போட்டுத் தைக்க?" என்றீர்கள்.

மணிக்கட்டின் உள்பக்கம், மூன்று விரல் தள்ளி, முடி போன்ற ஊசி இறங்கியது.

"வயித்துல கோளாறு, கையில குத்துறாக. இவுக படிச்சாகளாம்!" திட்டிக்கொண்டே தூங்கிப்போனீர்கள்.

அதுவும் நோன்பு மாதம்தான். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு எழுந்து பள்ளிக் கஞ்சி கேட்டீர்கள். கிண்ணம் நிறையக் குடித்தீர்கள். வாளி காய்ந்தே கிடந்தது.

"பாத்தியாத்தா, பள்ளிவாசக் கஞ்சியோட பரக்கத்து! ஊசியுமில்ல, ஒங் கஞ்சியுமில்ல." வந்தவர்களுக்கெல்லாம் இதே பேச்சு.

அல்லாஹ்வின் பரக்கத்து இல்லை என்று நான் எந்த வாயால் சொல்ல? ஐந்து வேளை தொழுகிறவளை எங்கே கட்டிப்போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பள்ளியில் கஞ்சி தீர்ந்துவிட்டது, மைனி. தூக்குவாளி காலியாகத் திரும்பி வந்தது. நீங்கள் குடித்தது என் பானைக் கஞ்சி. யார் காய்ச்சியது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது மேகமலை பஸ்ஸில் குமட்டினால் என் பெருவிரல் தானாக அந்த இடத்தை அமுக்குகிறது. உங்கள் கையைப் பார்த்துக் கற்றதுதான், மறுக்கவில்லை.

உங்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கும்போது, "மனசறிஞ்சு பொறுத்துக்கங்க" என்று எல்லோரிடமும் கேட்டார்கள். வாளி கழுவியதைப் பொறுத்தேன். ஏச்சுப் பேச்சையும் பொறுத்தேன். அந்த ஒரு கிண்ணம் மட்டும் இன்னும் என் கணக்கில் நிற்கிறது. துஆவில் தினமும் உங்கள் பெயரைச் சொல்கிறேன். மறுமையில் சொர்க்கத்து வாசலில் நுழையுமுன் அந்தச் சனத்தைக் கூப்பிட்டு, கஞ்சி யார் காய்ச்சியது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.